செய்பவர்: வாப்பா

எத்தாளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் ரம்ஸியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் அருளால் நானும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்கிறோம். அந்த வீட்டில் நீயும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். கடந்த ஒரு கிழமையாகத்தான் மனதோடு கேட்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மீன்வாடி நிக்கொலஸின் தங்கச்சி லீவு முடிந்து புதன்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். உன் மேடத்தின் தங்கை வீட்டில்தானே அவளுக்கு வேலை, இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை உன் கையிலேயே தருவதாகச் சொன்னாள். கூடவே கொஞ்சம் கட்டாக் கருவாடும் வைத்திருக்கிறேன். நேற்றுப் போனில் கதைத்தபோதே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் எனக்குப் பொய் நன்றாக வரும், ரம்ஸியா. உன் குரல் கேட்டதும், எல்லாம் நான் பாத்துக்கிறன், நீ யோசிக்காத என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பேனா அப்படி இல்லை. ளுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவன் இந்த இரண்டு பந்தியை முடிக்கவே அஸருக்குக் கிட்டவாகிவிட்டது.

மாதக் கடைசியில் மேடம் பேப்பரைக் கொண்டு வருவா, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகிறேன் என்று நேற்று நீ சொன்னாய். நான் ஓம், நல்லம் என்றேன். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதற்கு முதல் ஸும்ராவின் பாடசாலையில் நடந்ததை நீ அறிய வேண்டும். மற்றவர்கள் சொல்லி நீ அறிவதற்கு முன் நானே சொல்கிறேன்.

அவளுடைய பத்தாம் வகுப்புக்கு இந்த வருடம் ஹாஜரா என்று ஒரு டீச்சர் வந்திருக்கிறார். வணிகப் பாடம். தொண்ணூறில் மன்னாரை விட்டு வந்த குடும்பம், புத்தளம் டவுனில் இருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வருகிறார். புத்தகத்தில் உள்ளதை வாசித்துக் காட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. நேர்முகப் பரீட்சைக்குப் போனால் எப்படி இருக்க வேண்டும், கையில் காசு வந்தால் எது தேவை, எது ஆசை என்று எப்படிப் பிரிக்க வேண்டும், எல்லாவற்றையும் பிள்ளைகளைச் செய்து பார்க்க வைக்கிறார். ஸும்ரா வீட்டிலும் அதே கதையாகத் திரிவாள். ஒருநாள் நான் புதுச் சேர்ட் ஒன்றோடு வந்தேன். வாப்பா, இது தேவையா ஆசையா என்று கேட்டாள். பெருநாளுக்குத் தேவை என்றேன். பெருநாளுக்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது.

அந்த டீச்சர் போன மாதம் வகுப்புக்கு ஒரு செயற்திட்டம் கொடுத்தார். தன் வீட்டில் ஒரு நாளைக்கு நடக்கும் வேலைகளை ஒவ்வொரு பிள்ளையும் பிரிஸ்டல் போர்டில் எழுத வேண்டும். நேரம், வேலை, செய்பவர் என்று மூன்று நிரல். சம்பளம் வரும் வேலை, வராத வேலை என்று பிரிக்கக் கூடாது. வீட்டில் ஒருவரும் செய்யாவிட்டால் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டி வரும் எதுவும் வேலைதான், அதுவும் நாட்டின் பொருளாதாரத்தில் சேர்த்திதான் என்று விளங்கப்படுத்தியிருக்கிறார். எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை காலையில், பிள்ளைகள் அதைப் பெற்றோருக்கு முன்னால் வாசித்துக் காட்ட ஏற்பாடு.

ஸும்ரா என்னை வர வேண்டாம் என்றாள். ஆம்புளங்க ஒருத்தரும் வர மாட்டாங்க வாப்பா, நீங்க மட்டும் என்னத்துக்கு என்று இரண்டு தரம் சொன்னாள். நான்தான் கூட்டம் என்றால் விடமாட்டேனே. ஊரில் எந்தக் கலியாணத்துக்கும் எந்த ஜனாஸாவுக்கும் முதல் ஆளாய் நிற்பவன். அந்தப் புதுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போய், பெண்கள் நிறைந்த மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தேன். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். மேடைப் பயம் என்று நினைத்துச் சிரித்துக் கைகாட்டினேன்.

அவள் முறை வந்தது. போர்டைத் தொங்கவிட்டு, தடியால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். காலை நாலே முக்கால், அடுப்பு மூட்டித் தேநீர் வைத்தல், செய்பவர் வாப்பா. ஐந்தே கால், சோறு கறி சமைத்தல், செய்பவர் வாப்பா. ஆறு மணி, தங்கச்சி றுஷ்னாவை எழுப்பிக் குளிக்க வார்த்துத் தலை சீவிவிடல், வாப்பா. உடுப்புக் கழுவுதல், வாப்பா. மோட்டர் போட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரப்புதல், வாப்பா. றுஷ்னாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல், வாப்பா. பதினாலு வேலை வாசித்தாள். ஒவ்வொரு தரமும் வாப்பா என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

மண்டபம் கைதட்டியது, ரம்ஸியா. டீச்சர் எழுந்து நின்று கைதட்டினார். அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தது. சேர்ட்டின் கொலரைச் சரி செய்துகொண்டேன். பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துத் தலையையும் ஆட்டினேன். அந்தப் பதினாலு வேலையையும் நான்தான் செய்கிறேன் என்று ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன்.

ஜௌபர் நானா ரெண்டு வார்த்த பேசணும் என்று டீச்சர் அண்ணன் முறை வைத்து அழைத்து மைக்கை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உன் புருஷன் மைக்கை வேண்டாம் என்ற நாள் உண்டா? ஐந்து நிமிடம் பேசினேன். வீட்டு வேலை பெண்களுக்கு மட்டும் எழுதி வைத்ததில்லை என்றேன். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்ததையும் வீட்டாருக்கு உதவியாக இருந்ததையும் எடுத்துச் சொன்னேன். அந்தப் பெயரை அந்த இடத்தில் இழுத்ததற்கு ஒவ்வொரு தொழுகையிலும் பாவமன்னிப்புக் கேட்கிறேன்.

பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஸும்ராவின் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, சின்ன மகளுக்குப் பாடசாலைக்கு என்ன சாப்பாடு கட்டிக் கொடுப்பீர்கள் என்று கேட்டது. நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் இடியப்பமும் மீன் சொதியும், புள்ளைக்கு அதுதான் விருப்பம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கோ பின்னால் ஒரு பெண் சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினாள். அப்போது முன்னால் தரையில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து நம் றுஷ்னா எழுந்து, வாப்பா, எங்களுக்கு ஸ்கூல்லயே சோறு தாறாங்களே, நான் சாப்பாடு கொண்டு போறல்லயே என்று உரத்துச் சொன்னாள்.

எனக்கு அது தெரியாது, ரம்ஸியா. ஐந்தாம் தரம் வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாட்டைப் பாடசாலையிலேயே சமைக்கிறார்கள். தாய்மார்தான் முறை வைத்து வந்து சமைக்கிறார்கள். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஏதோ ஒரு நாள் அந்த அடுப்படியில் நின்றவர்கள். றுஷ்னா முதலாம் தரத்தில் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. அவள் வெறுங்கையோடு போவதைக்கூட நான் கண்டதில்லை, ஏனென்றால் அவள் போகும் நேரத்தில் நான் எழும்புவதில்லை.

ஸும்ரா உடனே, எங்கட முறைக்கு வாப்பாதான் சமைச்சுக் குடுக்கிற, அதத்தான் சொல்றாங்க என்று சொன்னாள். என்னைப் பார்க்காமல் போர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். காது இரண்டும் சிவந்திருந்தது. டீச்சருக்கு விளங்கிவிட்டது. அவர் மெதுவாக மைக்கை என் கையில் இருந்து எடுத்து, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். என்னை இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கேற்றடியில் நம் அடுத்த வீட்டு வளவு பஸீனா என்னை நிறுத்தினாள். அவள் கோபமாகக் கதைக்கவில்லை. நானா, போன வருஷத்துல இருந்து ஒங்கட முறைக்கு ஸும்ராதான் வாறா, ரெண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய், ஒரு நாள் தவறினதில்ல, எனக்கும் அவக்கும் ஒரே முறை என்றாள். வேண்டாம் மகள், நீ படிக்கிற பிள்ளை என்று மற்றத் தாய்மார் சொல்லியும் கேட்கவில்லையாம். எங்கட வீட்டுப் பேர வெட்டிராதீங்க என்றாளாம். அந்தச் செவ்வாய்களில் விசேட வகுப்பு என்றுதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள். நான் பாயில் கிடந்தபடியே கவனமாப் போ மகள் என்று சொல்லுவேன். நாங்க ஒருத்தரும் வெளியில கதைக்க மாட்டோம் நானா, புள்ளட முகத்துக்காக என்று சொல்லிவிட்டுப் பஸீனா போனாள்.

இடையில் ஊர்ப் புதினம் கொஞ்சம் எழுதுகிறேன். குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் வெங்காயம் இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது. மழை பிந்தினால் எல்லோரும் தப்பினார்கள். றுஷ்னாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, ஸீன் எழுத்தைச் சொல்ல முடியாமல் குர்ஆன் ஓதுகிறாள், கேட்கச் சிரிப்பாக இருக்கும். கிணற்று மோட்டர் திருத்தியாகிவிட்டது. பார்த்தாயா, சொல்ல வந்ததை விட்டு எங்கே போகிறேன் என்று. நான் அப்படிப்பட்ட ஆள்.

அன்று பகல் ஸும்ரா அந்தப் போர்டைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டு, உடுப்புக் காயப்போடப் போனாள். நான் எடுத்து விரித்துப் பார்த்தேன். முதலில் பென்சிலால் எழுதி, பிறகு மார்க்கரால் எழுதியிருக்கிறாள். செய்பவர் என்ற நிரலில் அநேகமாக ஒவ்வொரு வாப்பாவுக்கும் கீழே பென்சிலை அழித்த அடையாளம் இருந்தது. வெளிச்சத்துக்குப் பிடித்தால் வாசிக்கலாம். நான், நான், நான் என்று இருந்தது. பதினாலு வரியில் பதின்மூன்று. அழிக்காத வரி ஒன்றே ஒன்று: மத்ரஸாவில் இருந்து றுஷ்னாவைக் கூட்டி வருதல். அதையும் நான் ஏன் தவறாமல் செய்கிறேன் என்றால், நாங்கள் கெரம் விளையாடும் கடை மத்ரஸாவுக்குப் பக்கத்தில்.

போர்டின் அடியில் உனக்கும் ஒரு வரி போட்டிருந்தாள், அதை மண்டபத்தில் வாசிக்கவில்லை. உம்மா, குவைத். வேலை நேரம் என்ற இடத்தில், தெரியாது, கேட்டால் லேசான வேலை என்று மட்டும் சொல்வா என்று எழுதியிருந்தாள். நாம் மூன்று பேருமே பொய்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம், ரம்ஸியா. நீயும் அவளும் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னீர்கள். நானும் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

அவளைக் கூப்பிட்டு ஏன் மகள் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியாமல்தான் கேட்டேன். எல்லாரும் அவங்கட வாப்பாட வேலைய எழுதினாங்க, நான் ஒங்கட பேருக்கு நேர வெறும் கோடு போட ஏலாதே என்றாள். பிறகு, நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கல்ல வாப்பா என்று சொல்லி அழுதாள்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. என் இடுப்பு சுகமாகி இரண்டு வருடம். படகு தள்ளும்போது விழுந்து நான் பாயில் கிடந்த காலத்தில்தான், வேறு வழியில்லாமல் மூன்று வயதுப் பிள்ளையை விட்டு நீ போனாய். அது உண்மை. அந்த நோவு உண்மை. ஆனால் நீ இரண்டாம் தடவை கையெழுத்து வைத்த நேரம், நான் மரத்தில் ஏறித் தேங்காய் பறிக்கிற அளவுக்குச் சுகமாக இருந்தேன். உன்னிடம் மட்டும் இன்னும் நோகுது என்றேன். நீ போனில் தைலத்தின் பெயர் சொல்லுவாய், ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புவாய். அந்தப் போத்தல்கள் மூடி திறக்காமல் ஆறு கிடக்கின்றன.

மூன்று கிழமைக்கு முன், இன்னும் இரண்டு வருடம் நில்லு, ஸும்ராவின் படிப்புக்கு வேணும் என்று சொன்னவனும் நான்தான். படிப்புக்காகச் சொல்லவில்லை. நீ வந்துவிட்டால் என் நாள் எப்படிப் போகிறது என்று கண்ணால் கண்டுவிடுவாய். அந்தப் பயத்தில் சொன்னேன். எனக்கு வெட்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காக உன் நாலு வருடத்தை ஆறு வருடமாக்கப் பார்த்தேன். இதைவிடக் கீழான காரியம் நான் செய்ததாக நினைவில்லை.

திங்கட்கிழமை நிக்கொலஸின் கருவாட்டு வாடிக்குப் போய் வேலை கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒனக்கு இடுப்பு ஏலாதே மச்சான் என்றான் நிக்கொலஸ். ரெண்டு வருஷமா ஒண்டும் இல்ல என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உப்புக் கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினான். இந்த ஒரு கிழமையாகக் கருவாட்டுக்கு உப்புப் போடுகிறேன், காய வைக்கிறேன். கையில் உப்புக் கடித்த காயம், அதனால்தான் எழுத்து இப்படி இருக்கிறது. இந்தச் செவ்வாய் பாடசாலை முறைக்கும் நானே போனேன். ஆண் ஒருவன் அடுப்படிக்கு வந்ததில் பெண்களுக்கு ஒரே கூச்சம். என்னைத் தேங்காய் துருவ மட்டும் வெளியே உட்கார வைத்தார்கள். சோறு வைக்க இன்னும் பழகவில்லை. வீட்டில் நான் வைத்த சோற்றை றுஷ்னா கஞ்சி என்று நினைத்துச் சீனி கேட்டாள்.

இதையெல்லாம் நீ என்னை மெச்ச வேண்டும் என்று எழுதவில்லை. ஒரு கிழமை நல்லவனாக இருப்பது பெரிய காரியமும் இல்லை. நேற்றுக்கூட, உன் குரலைக் கேட்டதும், நல்லம் என்று சொல்லிவிட்டேனே. ஆகையால் என் வாயை நம்பாதே. பஸீனாவுக்குப் போன் எடுத்துக் கேள். ஹாஜரா டீச்சரிடம் கேள். கேட்டுவிட்டு, அந்தப் பேப்பர் வரும்போது கையெழுத்து வைக்காதே. நிற்பதுதான் நல்லது என்று உனக்கே தோன்றினால் அது உன் முடிவு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் வைத்துவிடாதே.

கடைசியாக ஒன்று. இன்று காலை, உம்மாவை வரச்சொல்லி எழுதப் போகிறேன் என்று ஸும்ராவிடம் சொன்னேன். அவள் துள்ளுவாள் என்று நினைத்தேன். உம்மா வந்தா ஒனக்கும் லேசு மகள், வீட்டு வேலையெல்லாம் அவ பாத்துக்குவா என்றும் சொன்னேன். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். அவள் றுஷ்னாவின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்திவிட்டு, அங்க செய்ற அதே வேலய இங்க வந்து செய்யவா வாப்பா உம்மாவக் கூப்பிடுறீங்க என்று கேட்டாள்.

அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன சொன்னாலும் அவள் நம்பும்படி நான் நடந்ததில்லை. நீ வா, ரம்ஸியா. வந்து முதல் நாளே அடுப்படிக்குப் போய்விடாதே. நான் எத்தனை தரம் கூப்பிட்டாலும், சோறு குழைந்தாலும், கறி கரிந்தாலும் எழும்பி வந்துவிடாதே. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை, நீ எழும்பி வந்து கெடுத்துவிடாதே.

அல்லாஹ் உன் கைகால்களுக்கு நோவு வராமல் காத்து, உன்னைப் பிள்ளைகளின் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும். வஸ்ஸலாம்.

உன்னிடம் முகம் காட்டக் கூசும்,
ஜௌபர்.